ரெண்டு மானிட்டர்ல விண்டோ காணாம போனா: அறிகுறிய வச்சு பிடிக்கிற வழி

டாஸ்க்பார்ல ஐகான் இருக்கு, அடியில கோடும் தெரியுது, அப்ளிகேஷன் ஓடிட்டுத்தான் இருக்கு, ஆனா க்ளிக் பண்ணா ஸ்க்ரீன்ல ஒண்ணும் வரல. ஆபீஸ்ல லேப்டாப்ப பெரிய மானிட்டரோட போட்டு வேலை பாத்துட்டு வீட்டுக்கு எடுத்துட்டு வர்றவங்க நிறைய பேர் இத பாத்திருப்பீங்க. உடனே அன்இன்ஸ்டால் பண்ணிட்டு மறுபடி இன்ஸ்டால் பண்ணுவாங்க, அது பாதி நேரம் பிரயோஜனப்படாது, ஏன்னா விண்டோ எந்த இடத்துல திறக்கணும்ங்கிற கணக்கு ரெஜிஸ்ட்ரியிலயோ (விண்டோஸோட செட்டிங்ஸ் கிடங்கு) ஆப்டேட்டா ஃபோல்டர்லயோ (ஆப் தன்னோட செட்டிங்ஸ் வைக்கிற இடம்) தனியா கிடக்கும், அன்இன்ஸ்டால் அத பெரும்பாலும் தொடுறதே இல்ல.

இதுல நான் ஒண்ணே ஒண்ணத்தான் திரும்பத் திரும்ப சொல்லுவேன்: எதையும் மாத்துறதுக்கு முன்னாடி விண்டோ இப்ப எங்க நிக்குது, என்ன எண்ணுல நிக்குதுன்னு பாத்துடுங்க. எண்ணு கிடைச்சா காரணம் பாதி கிடைச்ச கணக்கு. கீழ இருக்கிறது பெரும்பாலும் விண்டோஸ் 10, 11 க்கு, லினக்ஸ் மேக் ஆளுங்களுக்கு தேவையானத கடைசிப் பக்கமா சொல்றேன்.

முதல்ல இந்த ஒரு சோதனை

டாஸ்க்பார் ஐகான் மேல மவுஸ வச்சு சின்ன ப்ரிவியூ வருதான்னு பாருங்க. விஸ்டா காலத்துல இருந்து விண்டோஸ் ஒவ்வொரு விண்டோவையும் தனித்தனியா ஒரு பரப்புல வரைய வச்சு அப்புறம்தான் ஸ்க்ரீன்ல சேக்குது, அதனால ஸ்க்ரீனுக்கு வெளிய நிக்கிற விண்டோவுக்கும் ப்ரிவியூ ஒழுங்கா வரும்.

ப்ரிவியூல உள்ளடக்கம் நல்லா தெரியுதுன்னா வரையறதுல கோளாறு இல்ல, இடம்தான் தப்பு, அதுக்கப்புறம் கிராஃபிக்ஸ் டிரைவர் (கிராஃபிக்ஸ் சிப்ப இயக்குற சாஃப்ட்வேர்) பக்கமே போகாதீங்க. ப்ரிவியூவே வெள்ளையாவோ கருப்பாவோ இருந்தா அது நிஜமாவே வரையற பிரச்சனை, கீழ அதுக்கான பகுதிக்கு நேரா போயிடுங்க. ப்ரிவியூவே வரலன்னா விண்டோ ஒளிச்சு வைக்கப்பட்டிருக்கு, இல்லன்னா இன்னொரு விர்ச்சுவல் டெஸ்க்டாப்புல இருக்கு, விண்டோஸ் கீயும் டேபும் அழுத்துனா தெரிஞ்சுடும். மினிமைஸ் ஆன விண்டோவுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை, அதுக்கு வர்ற ப்ரிவியூ கடைசியா எடுத்து வச்ச பழைய படமா இருக்கலாம், அத நம்பி முடிவு பண்ணாதீங்க.

அந்த எண்ணுங்க எப்படி ஓடுது

மெயின் மானிட்டரோட இடது மேல் மூலைதான் 0,0. வலது பக்கம் போனா எக்ஸ் கூடும், கீழ போனா ஒய் கூடும். ரெண்டாவது மானிட்டர் இடது பக்கம் இருந்தா அதோட எக்ஸ் மைனஸ்ல ஓடும், 1920 அகல மானிட்டர்னா -1920 ல ஆரம்பிச்சு -1 ல முடியும். மேல மாட்டியிருந்தா ஒய் மைனஸ். இத நல்லா மனசுல வாங்கிக்கோங்க, மைனஸ் வந்தாலே தப்புன்னு நினைச்சு எழுதின புரோகிராம் கோட்தான் இந்த ஏரியால பாதி பக்குக்கு (புரோகிராம் பிழைக்கு) காரணம். 1998 ல விண்டோஸ் 98 வந்தப்பவே மைனஸ் எண்ணு சரியான எண்ணுதான்.

எண்ண பாக்கறதுக்கு விஷுவல் ஸ்டுடியோவோட (மைக்ரோசாஃப்டோட புரோகிராமிங் டூல்) வர்ற ஸ்பை பிளஸ் பிளஸ் போதும், ஆட்டோஹாட்கீன்னு கீ அழுத்தறத தானா செய்ய வைக்கிற டூல் வச்சிருந்தா அதுல விண்டோ ஸ்பைன்னு ஒண்ணு இருக்கு. மேக்சிமைஸ் ஆன விண்டோ -8, -8 ன்னு காட்டினா பயப்படாதீங்க, அது கண்ணுக்குத் தெரியாத பார்டர் வெளிய நீட்டிக்கிறது, சரியான எண்ணுதான்.

அறிகுறி: மானிட்டர கழட்டினப்பறம் விண்டோ வரல, ப்ரிவியூ மட்டும் தெரியுது

அப்ளிகேஷன் ஓடிட்டு இருக்கும்போது கேபிள கழட்டினா விண்டோஸ் தானே பெரும்பாலும் விண்டோவ இருக்கிற மானிட்டருக்கு இழுத்துட்டு வந்துடும். சிக்கல் எங்க வருதுன்னா, அப்ளிகேஷன மூடிட்டு கழட்டி, அப்புறம் திறக்கும்போது அது சேவ் பண்ணி வச்ச எண்ண அப்படியே போட்டுக்குது. இடிச்ச வீட்டு அட்ரஸுக்கு லெட்டர் போடுற கதைதான், அட்ரஸ் சரியா எழுதியிருக்கு, வீடுதான் இல்ல.

மீட்கறதுக்கு: டாஸ்க்பார் ஐகான ஒரு தடவ க்ளிக் பண்ணி ஃபோகஸ அதுக்கு குடுங்க, ஆல்ட்டும் ஸ்பேஸும் சேத்து அழுத்துங்க, அப்புறம் எம் (மூவ்) தட்டுங்க, ஏதாவது ஒரு ஆரோ கீய ஒரே ஒரு தடவ அழுத்திட்டு மவுஸ நகத்துங்க, விண்டோ மவுஸோட ஒட்டிக்கிட்டு வரும், வேணுங்கிற இடத்துல க்ளிக் பண்ணி விட்டுடுங்க. அந்த ஆரோ கீய விட்டுட்டுத்தான் நிறைய பேர் வேலை செய்யலன்னு சொல்றாங்க. விண்டோ மேக்சிமைஸ்லயோ மினிமைஸ்லயோ இருந்தா மூவ் மங்கலாத்தான் இருக்கும், முதல்ல அதே மெனுவுல ரீஸ்டோர் குடுத்துட்டு வாங்க. சொந்தமா டைட்டில் பார் வரைஞ்சுக்கிற சில ஆப்ல ஆல்ட் ஸ்பேஸ் மெனுவே வராது, அப்ப ஷிஃப்ட் கீய பிடிச்சுக்கிட்டு டாஸ்க்பார் ஐகான ரைட் க்ளிக் பண்ணி பாருங்க.

ரெண்டு மானிட்டர் இணைஞ்சு இருக்கும்போது இன்னும் சுலபம், விண்டோஸ் கீ, ஷிஃப்ட், இடது அல்லது வலது ஆரோ, விண்டோ அடுத்த மானிட்டருக்கு தாவும். ஒரே மானிட்டர்தான்னா ஷிஃப்ட் இல்லாம விண்டோஸ் கீயும் ஆரோவும், அது ஓரத்துல ஒட்ட வைக்கும்.

விண்டோஸ் கீயும் மேல் ஆரோவும் அழுத்தி மேக்சிமைஸ் பண்ணியும் கொண்டு வரலாம், ஆனா அது மருந்து இல்ல. மேக்சிமைஸ் ஆகும்போது பழைய இடம் உள்ள பத்திரமாத்தான் இருக்கு, ரீஸ்டோர் பண்ண உடனே பல சமயம் திரும்ப வெளிய ஓடிடும். உள்ள கொண்டு வந்து, சாதாரண அளவுல வச்சு, அப்ளிகேஷன முறைப்படி மூடித் திறங்க, அப்பதான் புது எண்ணு சேவ் ஆகும். டாஸ்க் மேனேஜர்ல போய் கொன்னா சேவ் ஆகாது.

எதுவும் பலிக்கலன்னா அப்ளிகேஷன மூடிட்டு அதோட செட்டிங்ஸ் ஃபைலயோ ரெஜிஸ்ட்ரி கீயயோ பேக்அப் எடுத்துட்டு விண்டோ இடம் சம்பந்தப்பட்ட வரிய மட்டும் நீக்குங்க. மொத்த ஃபோல்டரையும் அழிச்சா லைசென்ஸும் சேந்து போகும் ஆப் இருக்கு, கவனம்.

விண்டோஸ் 11 ல சிஸ்டம், டிஸ்ப்ளே, மல்டிபிள் டிஸ்ப்ளேஸ் போனா ரெண்டு டிக் இருக்கும், மானிட்டர் இணைப்ப வச்சு விண்டோ இடத்த ஞாபகம் வச்சுக்கறது ஒண்ணு, மானிட்டர் கழண்டா அதுல இருந்த விண்டோக்கள மினிமைஸ் பண்றது ஒண்ணு. ரெண்டாவது ஆன்ல இருந்துச்சுன்னா கழட்டின உடனே எல்லாம் மறைஞ்சது கோளாறே இல்ல.

அறிகுறி: எதையும் கழட்டல, ஆனாலும் கண்ணுக்குத் தெரியாத எங்கயோ திறக்குது

டிஸ்ப்ளே செட்டிங்ஸ்ல எத்தனை டப்பா தெரியுதுன்னு எண்ணுங்க. மேஜை மேல ஒரு மானிட்டர், செட்டிங்ஸ்ல ரெண்டு டப்பான்னா பேய் மானிட்டர் ஒண்ணு இருக்கு. ஹெச்டிஎம்ஐ கேபிள்ல மாட்டி ஆஃப் பண்ணி வச்சிருக்கிற டிவி, ஒரே கீபோர்டு மானிட்டர ரெண்டு கம்ப்யூட்டருக்கு மாத்திக்கிற கேவிஎம் ஸ்விட்ச், தூரத்துல இருந்து கம்ப்யூட்டர இயக்கறதுக்காக மானிட்டர் இருக்கிற மாதிரி காட்ட சொருகி வச்ச டம்மி பிளக், இதெல்லாம் விண்டோஸ் கணக்குல உயிரோட இருக்கிற ஸ்க்ரீன்தான். விண்டோஸ் கீயும் பி யும் அழுத்தி பிசி ஸ்க்ரீன் ஒன்லி குடுத்துப் பாருங்க, விண்டோ உடனே இங்க வந்துடுச்சுன்னா குற்றவாளி அந்த கேபிள்தான்.

டிஸ்ப்ளேபோர்ட்ல இதுக்கு நேர்மாறா நடக்கும், மானிட்டர் பட்டன ஆஃப் பண்ணாலே பல மாடல்ல கேபிள உருவின சிக்னல்தான் கம்ப்யூட்டருக்கு போகும், விண்டோஸ் எல்லாத்தையும் இன்னொரு மானிட்டர்ல அள்ளிக் கொட்டும். மதியம் சாப்பிட்டு வந்தா விண்டோல்லாம் ஒரு மூலையில குவிஞ்சு கிடக்குன்னு சொல்றவங்க முதல்ல இத பாருங்க. மானிட்டர் மெனுவுல டீப் ஸ்லீப், ஆட்டோ சோர்ஸ் இந்த மாதிரி பேர்ல இருக்கிறத ஆஃப் பண்ணா பல மாடல்ல நின்னுடும்.

அறிகுறி: ஒவ்வொரு தடவ திறக்கும்போதும் கொஞ்சம் நகந்துட்டே போகுது

எனக்கு ரொம்பப் பிடிச்ச அறிகுறி இதுதான், ஏன்னா நகர்ற அளவே காரணத்த சொல்லிடும். அஞ்சாறு தடவ மூடித் திறந்து எண்ணுங்கள வரிசையா எழுதிக்கோங்க.

7 பிக்சல் கணக்குல நகருதா, அது விண்டோஸ் 10 ல வந்த கண்ணுக்குத் தெரியாத பார்டர். கெட் விண்டோ ரெக்ட் (விண்டோ எங்க நிக்குதுன்னு ஆப் விண்டோஸ கேக்கிற கட்டளை) குடுக்கிற எண்ணுல அந்த பார்டரும் சேந்து வரும், டெஸ்க்டாப் விண்டோ மேனேஜர்ட்ட எக்ஸ்டெண்டட் ஃப்ரேம் பவுண்ட்ஸ் கேட்டா அது இல்லாம வரும், ஒண்ணுல வாங்கி இன்னொண்ணுல போட்டா ஒவ்வொரு தடவையும் அந்த வித்தியாசம் கூடிட்டே போகும்.

விண்டோஸ் 10 ல டாஸ்க்பார மேல வச்சிருக்கிறவங்களுக்கு 40 பிக்சல் 40 பிக்சலா மேல ஏறுதா, அப்ப கெட் விண்டோ பிளேஸ்மென்ட்ங்கிற கட்டளைல இடத்த வாங்கி மூவ் விண்டோங்கிற கட்டளைல போட்டிருக்காங்க. முதல் ஆள் பேசறது டாஸ்க்பார் போக மிச்ச இடத்துல இருந்து அளக்கிற கணக்கு, ரெண்டாவது ஆள் பேசறது ஸ்க்ரீன் மூலையில இருந்து அளக்கிற கணக்கு. ஸ்க்ரீன்ல 140 ல நிக்கிற விண்டோவ 100 ன்னு சேவ் பண்ணி 100 ல கொண்டு வைக்கும், அடுத்து 60, அப்புறம் 20, அதுக்கடுத்து டைட்டில் பார் டாஸ்க்பாருக்குள்ளயும் ஸ்க்ரீனுக்கு மேலயும் போயிடும், பிடிச்சு இழுக்க ஒண்ணும் இருக்காது. டாஸ்க்பார கீழ வச்சு டெஸ்ட் பண்ற டெவலப்பருக்கு இது வாழ்நாள்லயும் தெரியாது, அதனால பக் ரிப்போர்ட் போடும்போது டாஸ்க்பார் எந்தப் பக்கம்னு கட்டாயம் எழுதுங்க.

கூட்டல் கணக்கா இல்லாம பெருக்கல் கணக்கா நகருதா, 300, 450, 675, 1012 ன்னு, இல்ல அகலம் 800, 1200, 1800, 2700 ன்னு ஊதிட்டே போகுதா, அப்ப ஸ்கேலிங்தான் (எழுத்தையும் படத்தையும் பெருசாக்கிக் காட்டுற செட்டிங்), சந்தேகமே வேண்டாம். 150 சதவீத ஸ்கேலிங் இருக்கிற லேப்டாப்ல நிஜ பிக்சல்ல சேவ் பண்ணி, திறக்கும்போது அத 96 டிபிஐ (அதாவது 100 சதவீத ஸ்கேலிங்) கணக்குன்னு நினைச்சு மறுபடி ஒண்ணரையால பெருக்குது. நாலஞ்சு தடவ திறந்தா 1920 அகல ஸ்க்ரீன விட்டே வெளிய போயிடும். தற்காலிகமா தப்பிக்க அந்த எக்ஸ்இ ஃபைல் ப்ராப்பர்ட்டிஸ்ல கம்பாட்டிபிலிட்டி போய் ஹை டிபிஐ ஸ்கேலிங்க சிஸ்டம்ட்ட விட்டுடுங்க, எழுத்து கொஞ்சம் மங்கும் ஆனா விண்டோ பல சமயம் ஒரே இடத்துல நிக்கும்.

அறிகுறி: எண்ணு -32000 ன்னு காட்டுது

மினிமைஸ் ஆன விண்டோவ விண்டோஸ் நிறுத்தி வைக்கிற இடம் இது, ரெண்டு பக்கமும் -32000. ஓடிட்டு இருக்கிற, மினிமைஸ் ஆன விண்டோவுக்கு இது வந்தா சரியானதுதான். செட்டிங்ஸ் ஃபைலுக்குள்ள இந்த எண்ணு இருந்தாத்தான் வம்பு, மினிமைஸ்ல இருக்கும்போது மூடியிருக்காங்க, ஆப் இருக்கிற எண்ண அப்படியே எழுதி வச்சிருச்சு. அகலம் உயரமும் ஒரு சின்ன பட்டை அளவுக்குத்தான் இருக்கும். ஃபைல்ல அத 100, 100 ன்னு மாத்தி அளவையும் திருத்துங்க. கோட் எழுதுறவங்க மினிமைஸ் நிலையான்னு கேட்டுட்டு சேவ் பண்ணுங்க, இல்லன்னா பிளேஸ்மென்ட்ல இருக்கிற நார்மல் பொசிஷன எடுத்துக்கோங்க.

அறிகுறி: விண்டோ சரியா இருக்கு, ரைட் க்ளிக் மெனுவும் டிராப்டவுனும் மட்டும் வேற எங்கயோ விழுது

மெனு எப்பவுமே மெயின் மானிட்டர்லயே திறக்குதுன்னா, ஆப் மெயின் மானிட்டர் அகலத்த மட்டும் கேட்டு அதுக்குள்ள மெனுவ அடைக்கப் பாக்குது. இடது பக்க மானிட்டர்ல மட்டும் மெனு வர்றதே இல்லன்னா, மவுஸ் இடத்த பிரிக்கிறப்ப லோவேர்டு ஹைவேர்டுன்னு பழைய முறைய பயன்படுத்தியிருக்காங்க, அது மைனஸ் குறிய தின்னுடும், -100 இருக்க வேண்டிய இடத்துல 65436 வந்து நிக்கும். கெட் எக்ஸ் எல்பேரம்னு அதுக்குன்னே மேக்ரோ இருக்கு, அது குறிய காப்பாத்தும். யூசரா இருந்தா மாத்து வழி ரொம்ப எளிது, இடது மானிட்டர மெயின் ஆக்கிடுங்க, மைனஸே வராது.

அறிகுறி: விண்டோ இடத்துல இருக்கு, உள்ள வெள்ளை அல்லது கருப்பு

இப்பதான் நிஜமான வரையற கோளாறு. அந்த விண்டோவ இன்னொரு மானிட்டருக்கு இழுங்க. அங்க போனதும் சரியாயிட்டா அந்த மானிட்டர் எந்த கிராஃபிக்ஸ் சிப்புல போகுதுன்னு பாக்கணும், நிறைய லேப்டாப்ல உள் ஸ்க்ரீன் இன்டகிரேட்டட் சிப்புலயும் ஹெச்டிஎம்ஐ போர்ட் தனி கார்டுலயும் கோத்திருக்கும், எல்லை தாண்டும்போது படம் ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு காப்பி ஆகணும். கிராஃபிக்ஸ் செட்டிங்ஸ்ல அந்த ஆப்புக்கு ஒரே சிப்ப நிரந்தரமா குடுத்துட்டு பாருங்க. யூஎஸ்பி வழியா படம் அனுப்புற டாக் வச்சிருந்தா அதுக்குன்னு தனி டிரைவர் உண்டு, அத அப்டேட் பண்ணாம மத்தத தோண்டாதீங்க.

ரெண்டு மானிட்டர்லயும் வெள்ளைதான்னா விண்டோவோட ஓரத்த பிடிச்சு அளவ மாத்துங்க. உயிர் வந்துச்சுன்னா ஆப் வரையறத நிறுத்தி வச்சிருக்கு, யாரும் அத எழுப்பல. குரோமியத்த (குரோம் பிரவுசரோட மூல கோட்) அடிப்படையா வச்ச பிரவுசரும் எலக்ட்ரான் ஆப்பும் இன்னொரு விண்டோ முழுசா மறைச்சிருக்குன்னு நினைச்சா பேட்டரிய மிச்சம் பிடிக்க வரையறத நிறுத்திடும், அந்தக் கணிப்பு தப்பாப் போனா வெள்ளை ஸ்க்ரீன். ஸ்க்ரீன் முழுக்க மேல படுத்திருக்கிற ஓவர்லே, ரெக்கார்டர் இந்த மாதிரி ஏதாவது ஓடுதான்னு பாத்து ஒவ்வொண்ணா நிறுத்திப் பாருங்க.

அதுக்கப்புறம்தான் ஹார்டுவேர் ஆக்சிலரேஷன ஆஃப் பண்றது, விண்டோஸ் கீ கண்ட்ரோல் ஷிஃப்ட் பி சேத்து அழுத்தி டிரைவர ரீஸ்டார்ட் பண்றது எல்லாம். ஸ்க்ரீன் ஒரு நொடி கருத்து திரும்பும், திறந்திருக்கிற வேலை போகாது. ஆக்சிலரேஷன் ஆஃப் பண்ணா சரியாகுதுங்கிறது ஒரு தகவல், அத நோட் பண்ணிட்டு டிரைவர் வெர்ஷன மாத்திப் பாருங்க, அப்படியே ஆஃப்ல விட்டுட்டு வருஷக்கணக்கா ஓட்டாதீங்க.

ஸ்க்ரீன்ஷாட் எடுக்கிற கோட்ல மட்டும் கருப்பு வருதா, ஸ்க்ரீன்ல இருந்து பிட்பிளிட் (படத்த அப்படியே காப்பி எடுக்கிற கட்டளை) பண்ணா வெளிய நிக்கிற பாகம் வராது, அங்க எடுக்க ஒண்ணும் இல்ல. பிரிண்ட் விண்டோ பயன்படுத்துங்க, அது விண்டோவையே வரைஞ்சு குடுக்கச் சொல்லும், விண்டோஸ் 8.1 க்கு அப்புறம் முழு உள்ளடக்கத்தையும் கேக்கிற ஃபிளாக் 2 இருக்கு, கார்டு மூலமா வரையற ஆப்புக்கு அது இல்லாம பெரும்பாலும் கருப்புதான்.

லினக்ஸ், மேக்

லினக்ஸோட பழைய டிஸ்ப்ளே முறையான எக்ஸ் 11 ல எக்ஸ்ராண்ட்ஆர் (xrandr) கமாண்ட் ஒவ்வொரு மானிட்டரும் எங்க ஆரம்பிக்குதுன்னு காட்டும், டபிள்யூஎம்கண்ட்ரோல் (wmctrl) எல்லா விண்டோவோட இடத்தையும் வரிசையா காட்டும், நகத்தவும் செய்யும். க்னோம்ல ஆல்ட் எஃப்7 அழுத்தினா மூவ். அடுத்து வந்த புது முறையான வேலேண்ட்ல சாதாரண ஆப்புக்கு தன்னோட இடம் என்னன்னே தெரியாது, தானா வச்சுக்கவும் முடியாது, அதனால அங்க வெளிய போனா கம்பாசிட்டர் (விண்டோக்கள ஸ்க்ரீன்ல சேக்கிற புரோகிராம்) மேலயோ எக்ஸ்வேலேண்ட் (பழைய எக்ஸ் 11 ஆப்ப வேலேண்ட்ல ஓட்டறது) மேலயோதான் சந்தேகப்படணும்.

மேக்ல விண்டோவ ரெண்டு ஸ்க்ரீனுக்கு நடுவுல வச்சா ஒரு பாதி மறையுதுன்னா அது டிஸ்ப்ளேஸ் ஹேவ் செப்பரேட் ஸ்பேசஸ்ங்கிற செட்டிங், 2013 ல மேவரிக்ஸ்ங்கிற மேக் வெர்ஷன்ல வந்தது, ஆஃப் பண்ணி லாக்அவுட் பண்ணி வந்தா ரெண்டுலயும் வரையும். கோட் எழுதுறவங்களுக்கு மேக்ல பெரிய பள்ளம் ஒய் கணக்கு, ஆப் எழுத ஆப்பிள் குடுக்கிற கோக்கோவுல 0,0 மெயின் ஸ்க்ரீனோட கீழ் இடது மூலை, அதே ஆப்பிளோட கோர் கிராஃபிக்ஸ்ல மேல் இடது மூலை. திருப்பிப் போடும்போது ஸ்க்ரீன்ஸ் பட்டியல்ல முதல் ஸ்க்ரீனோட உயரத்த எடுக்கணும். மெயின்னு பேர் வச்சிருக்கிறது இப்ப கீபோர்டு ஃபோகஸ் இருக்கிற ஸ்க்ரீன், அத எடுத்தா மானிட்டர் உயரம் வேற வேறயா இருக்கும்போது விண்டோ மேலயோ கீழயோ தப்பிச்சு ஓடும்.

கோட் எழுதுறவங்க கிட்ட

எக்ஸ் 0 க்கு கீழ போனா 0 ஆக்குன்னு எழுதாதீங்க, இடது பக்க மானிட்டர் வச்சிருக்கிறவன் ஒவ்வொரு நாளும் விண்டோவ இழுத்து வச்சுட்டே இருப்பான். எல்லா மானிட்டரையும் சேத்து ஒரு பெரிய செவ்வகமா எடுத்து அதுக்குள்ள இருக்கான்னு பாக்கறதும் பத்தாது. 1920க்கு 1080 மெயினா இருந்து பக்கத்துல 2560க்கு 1440 மேல் ஓரம் சேந்து நின்னா மொத்த செவ்வகம் 4480க்கு 1440, அதுல மெயினுக்குக் கீழ 1920க்கு 360 அளவுக்கு எந்த மானிட்டரும் இல்லாத குழி இருக்கு. அங்க விழுந்த விண்டோ உங்க சோதனைல பாஸ், யூசருக்கு காணோம்.

சேவ் ஆன இடத்துல டைட்டில் பார் பட்டைய மட்டும் எடுத்து எந்த மானிட்டர்ல இருக்குன்னு சொல்ற மானிட்டர் ஃப்ரம் ரெக்ட் கட்டளைய, எதுலயும் இல்லன்னா நல் (null, ஒண்ணும் இல்லங்கிற பதில்) குடுன்னு சொல்லி கேளுங்க. நல் வந்தா கிட்டத்துல இருக்கிற மானிட்டரோட வேலை பரப்புக்குள்ள (டாஸ்க்பார் போக மிச்ச இடம்) நகத்துங்க. முழு விண்டோவ குடுத்தீங்கன்னா அடியில ஒரு பிக்சல் எங்கயாவது ஒட்டிட்டு இருந்தாலும் மானிட்டர் இருக்குன்னு பதில் வரும், பிடிக்க ஒண்ணும் இல்லாம யூசர் தவிப்பாரு. மானிட்டர் கிடைச்சாலும் டைட்டில் பார்ல கை வைக்கிற அளவுக்கு அகலம் வேலை பரப்புக்குள்ள இருக்கான்னும் பாத்துடுங்க. திறக்கும்போது ஒரு தடவ பாத்தா போதாது, டிஸ்ப்ளே சேஞ்ச் மெசேஜ் வரும்போதும் பாருங்க. டிபிஐ சேஞ்ச்ட் மெசேஜோட விண்டோஸ் ஒரு செவ்வகத்த குடுக்கும், நீங்க புதுசா கணக்கு போடாம அதையே எடுத்துக்கோங்க, இல்லன்னா ரெண்டு மானிட்டர் எல்லையில விண்டோ முன்னயும் பின்னயும் துடிக்கும்.

டெஸ்ட் பண்ண பெரிய லேப் வேண்டாம், ஒரு லேப்டாப்பும் ஒரு பழைய மானிட்டரும் போதும். மானிட்டர செட்டிங்ஸ்ல இடது பக்கம் தள்ளி, லேப்டாப் 150 மானிட்டர் 100 ன்னு ஸ்கேலிங் வச்சு, விண்டோவ அங்க வச்சு மூடிட்டு கேபிள உருவிட்டு திறங்க. அதே மானிட்டர மேல வச்சு ஒரு தடவ, மினிமைஸ்ல வச்சு மூடி ஒரு தடவ, விண்டோஸ் 10 மெஷின்ல டாஸ்க்பார மேல போட்டு ஒரு தடவ. ஒவ்வொரு தடவையும் சேவ் ஆன எண்ணையும், திறந்தப்ப கிடைச்ச எண்ணையும், மானிட்டர் பட்டியலையும் லாக்ல (ஆப் எழுதி வைக்கிற பதிவு ஃபைல்) ஒவ்வொண்ணையும் ஒரு வரியா எழுத வைங்க, நாளைக்கு ஒரு யூசர் விண்டோ காணோம்னு சொல்லும்போது அந்த மூணு வரிய வாங்கினாலே மேல இருக்கிற அறிகுறில எதுன்னு பிடிச்சிடலாம்.